பேசாத பாதி

பிப்ரவரி 6

அக்கா,

இதை உன் ஆய்வுக்கூட முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் யார் முதலில் பிரிப்பார் என்று எனக்குத் தெரியும். இங்கே சிறையிலும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதற்கென்றே ஒரு வார்டர் இருக்கிறார், கண்ணாடி எந்நேரமும் மூக்கு நுனியில் தொங்கும். அவருக்கும் சேர்த்து ஒரு வணக்கம்.

"நான் சமையலறையில் இருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை" என்று போலீசில் சொன்னாயாமே. வக்கீல் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். என் கையில் தொங்கியது யார்? உன் உடுப்பெல்லாம் தெறித்திருந்தது யார் ரத்தம்?

நான் குடித்துவிட்டு வந்து காரணமில்லாமல் அடித்தேன் என்று உன் வீட்டுக்காரர் சொல்கிறார். குடித்திருந்தால் குறி தப்பியிருக்கும். கத்தியின் மொட்டைப் பக்கத்தால் தாடையில் ஒன்று, தோளில் ஒன்று. எலும்பு உடைகிற சத்தம் எனக்குப் பழக்கம், கசாப்புக் கடையில் நாள் பூராவும் கேட்பதுதான். மூன்றாவது அடிக்குள் நீ கையைப் பிடித்துத் தொங்கிவிட்டாய்.

ஏன் அடித்தேன் என்பதை நானா சொல்ல வேண்டும்? அன்றைக்கு நீ தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்போது சட்டைக் கை மேலேறியது. முழங்கைக்குக் கீழே முனை கூராக ஒரு பழைய தழும்பு, பக்கத்திலேயே புதிதாக இன்னொன்று. "ஆவி பட்டுடுச்சுடா" என்றாய். ஆவி என்ன இஸ்திரிப்பெட்டி வடிவத்திலா படும்? எழுந்து கடைக்குப் போனேன். கத்தியோடு திரும்பி வந்தேன். போய் எடுத்துவந்ததுதான் தப்பாகிவிட்டது, அதனால் கொலை முயற்சி என்கிறார்கள்.

நீ வந்து கையைக் காட்டினால் வழக்கே வேறு என்கிறார் வக்கீல். காட்டாவிட்டால் பத்து வருஷம் நான் உள்ளே. பள்ளிக்கூடத்தில் உனக்குப் பெயரே வாயாடிதான். அந்த வாய்க்கு என்ன ஆயிற்று?

கோபத்தில் எழுதுகிறேன், ஆனாலும் பதில் போடு. உன் எலிகளைப் பற்றியாவது எழுது. நீயும் வெட்டுகிறவள், நானும் வெட்டுகிறவன், தொழில் பேச்சாவது பேசலாம்.

தம்பி


பிப்ரவரி 19

தம்பி,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில், குளிர்பதனப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று படித்தேன். நீ கேட்டதற்கு இதில் பதில் இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபப்படாதே. படுவாய், தெரியும்.

அவர் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வாயைத் திறக்க முடியாது, சாப்பாடெல்லாம் உறிஞ்சுகுழலில். வீடு அமைதியாக இருக்கும் என்று நீ நினைப்பாய். ஒரு சின்ன வெள்ளைப் பலகை வைத்துக்கொண்டு எழுதி எழுதிக் காட்டுகிறார். காப்பீடு விற்றுப் பழகியவரல்லவா, அதிலும் பேச்சு நிற்கவில்லை. அரசு வக்கீல், பக்கத்து வீட்டார், என் மேலதிகாரி என்று ஒருவரையும் விடவில்லை. எனக்கு எழுதுவதை மட்டும் நான் படித்தவுடன் கையாலேயே அழித்துவிடுகிறார்.

எலி கேட்டாயே. பிறந்த குட்டி உன் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, மேலெல்லாம் ஒரே சிவப்பு. பனிக்கட்டிமேல் வைத்தால் அசைவு அடங்கிவிடும். பிறகு கத்தரிக்கோல். உன்னுடையது போலவே ஒரே வெட்டு, ஆயுதம்தான் சின்னது. தசையைத் தனியே பிரித்து நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தால், உள்ளே ஒரு தெருச் சண்டை தெரியும்.

நரம்பு செல் ஒன்று இன்னொரு செல்லைத் தொட்டுச் செய்தி சொல்கிற இடத்தை இணைப்பு என்று வைத்துக்கொள். மூளைக்குள் கோடானுகோடி இணைப்புகள். நரம்பு தசையைத் தொடும் இடத்திலும் அதேதான். பிறக்கும்போது எல்லாம் தேவைக்கு மேல் இருக்கும். ஒரே தசை இழைமேல் பல நரம்புகள் வந்து உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். தோற்றவை சுருங்கி, நுனி வீங்கிய உருண்டையாகிப் பின்வாங்கும். மூளையில் இன்னும் மோசம். வேண்டாத இணைப்புகளைத் துப்புரவு செல்கள் வந்து தின்றே விடும்.

இதற்கெல்லாம் மேலேயிருந்து உத்தரவு போட ஆள் கிடையாது. தொட்டுக்கொண்டிருக்கிற செல்களே ஒன்றுக்கொன்று ரசாயனத்தால் சொல்லிக்கொள்கின்றன. இது இருக்கட்டும், இது போகட்டும், இங்கே இன்னும் வேண்டும், போதும். அந்தப் பேச்சால்தான் எண்ணிக்கை ஒரு அளவில் நிற்கிறது. கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்.

என் வேலை அந்தப் பேச்சை நிறுத்திப் பார்ப்பது. பாம்பு நஞ்சிலிருந்து எடுத்த மருந்தில் ஒரு துளி விட்டால் இணைப்பு ஊமையாகிவிடும். வளர்ந்த எலியில் ஒரு இணைப்பு முழுவதையும் ஊமையாக்கினேன். பிய்ந்துகொண்டு போகும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமே ஆகவில்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. யாரும் பேசாவிட்டால் யாரையும் யாரும் வெளியேற்றுவதில்லை.

நானும் பேசாமல் இருக்கிறேன், அவ்வளவுதான். புரிந்துகொள்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது வார்டர் பிடியை விடவே இல்லை. "தோத்த நரம்பு எங்கேப்பா போகும்? திரும்பி வரவே வராதா?" என்று என்னைக் கேட்கிறார். எனக்கென்ன தெரியும். "அக்காவைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன். இப்போது என்னைவிட அவருக்குத்தான் உன் கடிதத்துக்கு அவசரம்.

நீ சுற்றி வளைத்துச் சொன்னாலும் புரிந்துகொள்ள எனக்கும் மண்டை இருக்கிறது. உன் வாழ்க்கை உடையக்கூடாது என்கிறாய். எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆளோடு வாழ்வது ஒரு வாழ்க்கையா என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் நீ படித்தவள், பார்த்துச் சொல்கிறாய். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு பக்கம் மட்டும் வாயை மூடினால் போதாது, எல்லோரும் மூட வேண்டும்.

அதனால் உன் வீட்டுக்காரருக்கு நானே ஒரு கடிதம் போட்டுவிட்டேன். வீட்டு முகவரிக்கே போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு "மாமா" என்று ஆரம்பித்தேன். 'இஸ்திரிப்பெட்டி விஷயம் என் வாயிலிருந்து வராது. நீங்களும் வழக்கை விட்டுவிடுங்கள். அக்கா எனக்கு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாள், யாரும் பேசாவிட்டால் எல்லோரும் அப்படியே இருக்கலாம் என்கிறாள்' என்று பணிவாகத்தான் எழுதினேன். மன்னிப்புகூடக் கேட்டிருக்கிறேன்.

என் மண்டைக்கும் ஒரு நல்ல யோசனை வந்ததே என்று சந்தோஷப்படு. உன் ஆராய்ச்சியை முதன்முதலாகப் பயன்படுத்தியது நான்தான்.

தம்பி


மார்ச் 25

தம்பி,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இடது கை.

உன் கடிதம் அவர் கைக்குத்தான் போயிற்று. அந்த வாரம்தான் தாடைக் கம்பியை எடுத்திருந்தார்கள். கோபமாக இருக்கவில்லை. உட்காரச் சொன்னார். உன் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். 'எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாள்' என்ற வரியை மறுபடி படிக்கச் சொன்னார். அதையும் படித்தேன். "எந்தக் கையால எழுதுன?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா என்ன?

குளியலறைக் கதவு கனமான கதவு. கையை நிலையோடு சேர்த்து வைத்துப் பிடித்துக்கொண்டு சாத்தினார். திறந்து மறுபடி சாத்தினார். நான் கத்தினேனா என்று நினைவில்லை. எலும்பு உடைகிற சத்தம் பழக்கம் என்று எழுதியிருந்தாயே, அது இப்போது எனக்கும் தெரியும்.

மூன்று விரல்கள் நொறுங்கிவிட்டன. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது. முடியளவு நரம்பைப் பிரித்தெடுத்த கை இது. மருத்துவமனையில் காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டது என்று சொன்னேன். மருத்துவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இவர் நின்றுகொண்டு, அன்று எவ்வளவு காற்று என்று வர்ணித்துக்கொண்டிருந்தார்.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. உன்னை யார் எழுதச் சொன்னார்கள்? பிறகு யோசித்தேன். நான் எழுதியதைத்தான் நீ நம்பினாய். நான் பாதியைத்தான் எழுதியிருந்தேன்.

மற்ற பாதி இது. ஒரு இணைப்பில் ஒரு பக்கத்தில் மட்டும் நஞ்சை விட்டேன். பாதி ஊமை, பாதி பேசுகிறது. முதலில் வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் ஊமைப் பாதி கரைந்துகொண்டிருந்தது. அதன் கீழே தசையின் பிடிமானம் போனது, மேலேயிருந்த நரம்பு நுனியும் போனது. பேசுகிற பாதிக்கு ஒரு கீறலும் இல்லை. அது பேசுவதே மற்றதை வெளியேற்றுகிற செய்தியாகிவிடுகிறது என்பது எங்கள் கணிப்பு. இருபக்கமும் மௌனமாக இருந்தால்தான் மௌனம் காப்பாற்றும். ஒரு பக்கம் பேசிக்கொண்டே இருந்தால், பேசாத பக்கம் அழிந்துவிடும்.

உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே இந்த முடிவு என் மேசைமேல் இருந்தது. எழுதினால் நானும் அதைப் படிக்க வேண்டியிருக்குமே.

கை வலிக்கிறது. இடது கையும்.

அக்கா


மார்ச் 31

அக்கா,

அவனை நான் கொல்லப்போகிறேன். வார்டர் இதைப் படிக்கட்டும், அடிக்கோடு போட்டு யாருக்கு வேண்டுமானாலும் காட்டட்டும். இனி அவன் எனக்கு மாமாவும் இல்லை, உனக்கு வீட்டுக்காரரும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துமுடித்தபோது பக்கத்தில் இருந்தவன், "என்னய்யா, அக்கா காதல் கடிதம் போட்டிருக்காளா?" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான், பாவம். அவன் தலைமுடியைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் மோதினேன். பல் தெறித்தது. இழுத்துப் பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. என்னைத் தனிக் கொட்டடியில் போட்டார்கள், அங்கே மோத ஆளில்லாமல் சுவரில் குத்தினேன். இப்போது எனக்கும் கைக்கட்டு. அக்கா தம்பி பொருத்தம் பார்த்தாயா.

நான்தான் உன் கையை உடைத்தேன். அந்தக் கதவை அவன் சாத்தினான், சாத்தச் சொல்லி நான் தபால் போட்டேன். எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேள். கோர்ட்டுக்கு வராதே. நீ அங்கே வந்து வாயைத் திறந்தால் அன்றைக்கே உன்னைக் கொன்றுவிடுவான். எனக்குப் பத்து வருஷம் ஆகட்டும், இருபது ஆகட்டும், இங்கே சோறு போடுகிறார்கள். நீ அந்த வீட்டைவிட்டு ஓடு, எங்கேயாவது போய் உயிரோடு இரு. வெளியே வந்ததும் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பி,

வந்தாயிற்று. கூட வேலை செய்கிறவள் வீட்டில் இருக்கிறேன். ஒரு பையோடு வேலைக்குப் போனேன், திரும்பிப் போகவில்லை. இதைவிடப் பெரிதாக ஏதோ நடக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனைக்கும் போய், கதவை யார் சாத்தியது என்று பதிவு செய்யச் சொல்லிவிட்டேன். அந்த மருத்துவர், "நீங்க வருவீங்கன்னு எதிர்பாத்தேன்" என்றார்.

நான் கோர்ட்டுக்கு வருவேன். வராதே என்று நீ சொல்வதும், பேசாதே என்று அவர் சொல்வதும் என் காதில் ஒரே மாதிரிதான் விழுகிறது. கோபப்படு, பரவாயில்லை.

ஆனால் வந்தால் எல்லாவற்றையும் சொல்வேன். இஸ்திரிப்பெட்டி, கதவு, அதற்கு முன்னால் நீ பார்க்காத பலதும். மூன்றாவது அடியையும் சொல்வேன்.

நீ உன் கடிதத்தில் அதை அழகாகத் தாண்டிப் போய்விட்டாய். மொட்டைப் பக்கத்தால் இரண்டு அடி, உண்மை. அதற்குப் பிறகு கத்தியைத் திருப்பினாய். கூர்ப்பக்கம் அவர் கழுத்தை நோக்கி இருந்தது. அப்போதுதான் உன் கையில் தொங்கினேன். அவரைக் காப்பாற்றவா தொங்கினேன் என்று பல நாள் என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. உன் முகத்தைப் பார்த்தேன், தம்பி. இஸ்திரிப்பெட்டியை எடுக்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. எனக்கு உலகத்தில் மிச்சமிருந்தது நீ ஒருவன்தான், அந்த முகத்தை உன்னிடம் பார்க்க என்னால் முடியவில்லை. இப்போது தண்ணீர்த் தொட்டி, பல் என்று எழுதுகிறாய். அந்த ஆளுக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

இதைச் சொன்னால் உனக்குத் தண்டனை கூடலாம் என்று உன் வக்கீல் பயப்படுகிறார். அவர் என்னிடம், "அந்த மூணாவது அடியை மட்டும் விட்டுடுங்கம்மா" என்று கெஞ்சினார். எதையாவது விட்டால் நான் மறுபடி பாதி ஊமை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்துவிட்டேன்.

நீ என்னை வெறுத்தாலும் சரி. வெறுக்காதே.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

கோர்ட்டில் உன்னிடம் ஒரு வார்த்தை பேச விடவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுத்து கிறுக்கலாக இருந்தால் என் கைக்கட்டைத் திட்டு.

உன் முந்தைய கடிதம் வந்ததும் கிழித்துவிட்டேன். கிழித்த துண்டுகளை வார்டர் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். "இவ்வளவு தெளிவா எழுதுற அக்கா எனக்கு இருந்திருந்தா நான் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன்" என்றார். வெறுத்தேனா? ஒரு வாரம் வெறுத்தேன். அதற்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை.

நீ கூண்டேறியபோது முதலில் கட்டுப்போட்ட கையைத்தான் பார்த்தேன். அவனும் பார்த்தான். வாயை ஓயாமல் ஆட்டி அரசு வக்கீல் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன், நீ சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டியதும் நிறுத்தினான். அந்த வாயை உடைத்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. நீ சட்டையை மடித்தாய், நின்றுவிட்டது.

நீதிபதி கேட்டாரே, "இத்தனை நாளா ஏம்மா சொல்லல?" என்று. நீ சொன்னதை அப்படியே மனதில் வைத்திருக்கிறேன். "அவர் பேசிக்கிட்டே இருந்தாருங்க. நான் பேசாம இருந்தா எல்லாம் அப்படியே இருக்கும்னு நெனச்சேன். அப்படி இருக்காதுங்க." வாயாடி திரும்பி வந்துவிட்டாள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

பிறகு மூன்றாவது அடியையும் சொன்னாய். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். என் வக்கீல் எழுந்து, அக்காவுக்கு அந்தப் பதற்றத்தில் சரியாகத் தெரிந்திருக்காது என்று வாதாடினார். நீதிபதி என்னைக் கேட்டார். தெரிந்திருக்காது என்று நான் தலையாட்டினால் போதும், உன் சொல் அங்கேயே அடிபட்டுப் போயிருக்கும். தாண்டிவிடலாம் என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது.

"அக்கா சொல்றது சரிதாங்க. திருப்பினேன். அவ பிடிக்கலேன்னா வெட்டியிருப்பேன்" என்றேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

ஐந்து வருஷம். காரணம் இருந்தது என்று ஏற்றுக்கொண்டார்கள், கத்தி திரும்பியதையும் விட்டுவிடவில்லை. அவன்மேல் தனி வழக்கு, அன்றைக்கே பிடித்தார்கள். எந்தச் சிறையில் வைப்பார்கள் என்று தெரியவில்லை. இங்கே கொண்டுவரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன், அது அவனுக்காக இல்லை.

பல் போனவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்க அக்காவுக்குக் கை எப்படி இருக்கு?" என்று கேட்டான். அதைக் கேட்டதும் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வார்டர் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. தோற்ற நரம்பு திரும்பி வருமா?

தம்பி


ஆகஸ்ட் 17

தம்பி,

இது வலது கை. பாதிப் பக்கம் எழுதுவதற்குள் வியர்த்துவிட்டது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

வார்டருக்குப் பதில் சொல். தோற்றுப் பின்வாங்கியது அதே வாசலுக்குத் திரும்ப வருவது அபூர்வம். ஆனால் நரம்பில் ஒரு பகுதி நசுங்கிப்போனால், அதை நம்பியிருந்த தசை சும்மா இருக்காது. இங்கே ஆளில்லை என்று செய்தி அனுப்பும். பக்கத்தில் தப்பிப் பிழைத்த இழைகள் அதைக் கேட்டுக் கிளைவிடும். தமக்கிருந்ததோடு புதிதாகச் சில இணைப்புகளையும் ஏற்றுக்கொள்ளும். என் கைக்குள் அதுதான் நடக்கிறது என்கிறார் மருத்துவர். இதை எத்தனையோ எலிகளில் பார்த்திருக்கிறேன். போன வாரம் என் சுண்டுவிரல் தானாக அசைந்தபோது, அந்த எலிகளை நினைத்து அழுகை வந்தது. இனி நுண்ணோக்கி வேலையில் மட்டும் இருக்கிறேன், கத்தரிக்கோலை வேறொருத்தி எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் உன்னைப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. அந்த முகத்தோடு வராதே, மற்ற எந்த முகத்தோடும் வா.

தனியாக ஒரு அறை எடுத்திருக்கிறேன். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு அடுப்பு. இஸ்திரிப்பெட்டி வாங்கவில்லை. கசங்கிய சட்டையோடுதான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

அக்கா